முப்பது அடிக்குள் தவசிலிங்கம்

சாலைச்சத்திரம் செக்கடித் தெருவில் ரேடியோ செட்டு தவசிலிங்கம் செத்துப்போன வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு, அவரைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து முப்பது அடிக்குள் யார் யார் கையில் போன் இருந்ததோ, அவர்கள் போனிலெல்லாம் புளூடூத் பட்டியலில் ‘எஸ். தவசிலிங்கம்’ என்று ஒரு பெயர் வந்து நின்றது. இனிஷியல்கூட சரியாக இருந்தது. முப்பத்தோராவது அடியில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் வரவில்லை, அதனால் அவர்கள் கொஞ்சம் முன்னே தள்ளி வந்து, வந்ததும் பெயரைப் பார்த்து, பார்த்ததும் உச்சுக்கொட்டி, துஷ்டிக்கு வந்த முகத்தைத் திரும்ப வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தோம். நாற்பது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கருமாதி என்று ஊரில் நடந்த அத்தனைக்கும் சத்தம் கொடுத்த மனிதர். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டிய காலத்திலிருந்து, பெட்டி பெட்டியாக அடுக்கி வயிற்றில் குத்துகிற சத்தம் வைக்கிற காலம் வரைக்கும் அவர்தான். அப்படிப்பட்டவர் விடியக்காலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து போய்ச்சேர்ந்தால், மூச்சு வேண்டுமானால் நிற்கலாம், சத்தமும் கூடவே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

சத்தம் முதலில் வந்தது அவருடைய மச்சினன் சங்கிலிராஜின் போனிலிருந்து. பிள்ளை குட்டி இல்லாத வீடு என்பதால் சாவு வீட்டின் நிர்வாகம் முழுவதையும் சங்கிலிராஜ் எட்டு மணிக்கே கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய அக்காள், செத்தவரின் மனைவி குருவம்மா, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கே பாட்டுப் போட்டவர் வீட்டில் ஒரு பக்திப் பாட்டுக்கூட ஓடவில்லையே என்று யாரோ குறைப்பட, செட்டு அறையின் சாவியை அந்த மனிதர் எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாமல் போக, சங்கிலிராஜ் தன் போனில் தெரிந்த பெயரை அழுத்தினார். போன் ரகசிய எண் கேட்டது. நாலு சைபர் போட்டார். அவ்வளவுதான், ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து, தவசிலிங்கத்தின் நெஞ்சுப் பக்கமிருந்து, கணீரென்று, “வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நம்ம சேனல்ல நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு எப்படிச் செய்யுறதுன்னு பாக்கலாம்” என்று ஒரு பெண் குரல் வந்தது. முந்தின நாள் சங்கிலிராஜ் பாதியில் நிறுத்தி வைத்திருந்த வீடியோ அது. அவர் பதறி அணைப்பதற்குள் சின்ன வெங்காயம் வதங்கிவிட்டது.

“மச்சானுக்குக் கருவாடுன்னா உசுரு” என்று சொல்லி அவர் அதைச் சமாளித்தார்.

மொபைல் கடை ஷாஜகானைக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் வந்து தவசிலிங்கத்தின் சட்டைப் பையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி நாற்பதடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தார், இடுப்பிலிருந்த தாயத்தை நெம்பித் திறந்து அதற்குள் வெறும் தகடுதான் என்று உறுதிசெய்தார். பெயர் பட்டியலை விட்டுப் போகவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, மருத்துவர் மாதிரி எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

“ஒண்ணும் பயப்பட வேண்டாம். இது ரேடியோ அலைதான், கொஞ்ச தூரத்துக்கு மட்டும் போறது. ஒரே பாதையில போகாது, செகண்டுக்கு ஆயிரத்தி அறுநூறு தடவ தடம் மாறி மாறித் தாவும், அதனாலதான் இத்தன போன் இருந்தும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிறதில்ல. சேர்றதுன்னா ரெண்டும் சேர்ந்து ஒரே தாவாத் தாவணும். ஒரு நேரத்துல ஒரு போன்தான் சேரும். முப்பது அடி தாண்டுனா அறுந்துரும். நடுவுல சொவரு இருந்தா தூரம் கொறையும்.”

“எங்க மச்சான் எப்படி பாய் இதுக்குள்ள போனாரு?”

“அது எங்க கம்பெனி வேலையில்ல” என்றார் ஷாஜகான்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் ரேடியோ செட்டுக்காரர் ஒருவர், நாற்பது வருடப் போட்டி, மாலையோடு வந்தவர் தன் போனைச் சேர்த்து ஒரு நாதஸ்வரத்தை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, “மேல் சத்தம் நல்லாருக்கு, அடிச் சத்தந்தான் கொஞ்சம் பத்தாது” என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார். வார்டு உறுப்பினர் தான் பதிவுசெய்து வைத்திருந்த இரங்கல் உரையைப் போட்டுவிட்டு எதிரே நின்று தானே தலையசைத்துக் கேட்டார். தொண்டை கட்டிய பெண்கள் போனில் இருந்த ஒப்பாரியைப் போட்டுவிட்டு மாரில் மட்டும் அடித்துக்கொண்டார்கள், ஆக, தன் சாவுக்குத் தானே ஒப்பாரி பாடிய முதல் ஆள் எங்கள் ஊர்க்காரர் என்ற பெருமை வந்து சேர்ந்தது. வேன் டிரைவர் ஒருவர் வழிகாட்டும் படத்தை அணைக்காமல் சேர்ந்துவிட, பெட்டிக்குள்ளிருந்து, “இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்” என்று தவசிலிங்கம் அறிவித்தார். சுடுகாடு வலது பக்கம்தானே, இவர் எங்கே போகப் பார்க்கிறார் என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இனி அந்த மஞ்சள் கதவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, ஆனால் எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தவசிலிங்கம் வீட்டுக்கு நேர் எதிரே, பதினோராம் எண் வீட்டுக்கும் பதிமூன்றாம் எண் வீட்டுக்கும் நடுவில், ஒரு வீடு இருக்கிறது. அதன் கதவு மஞ்சள். அதற்குள் முப்பது வருடமாகப் பவளக்கொடி என்று ஒரு பெண் தையல் மிஷினை வைத்துக்கொண்டு இருக்கிறாள். தவசிலிங்கம் அவளுக்கு என்ன முறை என்று கேட்டால் ஊரில் அதற்கு வார்த்தை இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் ஊர் அந்த வீட்டையே பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் பதினொன்றில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பதிமூன்றில் கழற்றுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது வழி கேட்டால், “அந்தக் காலி மனைக்கு அடுத்த வீடு” என்று சொல்லுவோம், அவர் வந்து காலி மனையைத் தேடி மஞ்சள் கதவின் முன்னாலேயே நின்று விழிப்பார். முப்பது வருடத்தில் அது ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. தவசிலிங்கமும் ஒருநாளும் முன்வாசல் வழியாக அங்கே போனதில்லை, வந்ததில்லை, அந்த மரியாதையை அவர் காப்பாற்றினார்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பால்காரரிடம் பவளக்கொடி சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும். ஓரமாக வந்து, ஓரமாக நின்று, பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

“எவ?” என்று கேட்டார் சங்கிலிராஜ்.

பால்காரர் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

“அங்கதான் வீடே இல்லையே” என்றார் சங்கிலிராஜ். பால்காரர் அதை அப்படியே போய்ச் சொன்னார். நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள், அதற்குள் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. குருவம்மா இதைக் கேட்டாளா கேட்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் அவள் காது முப்பது வருடமாகவே அப்படித்தான்.

பகல் இரண்டு மணிக்கு, குளிப்பாட்டுகிற தண்ணீருக்கான நீர்மாலை எடுத்து வந்தாயிற்று. வாய்க்கரிசி போட வேண்டும். தவசிலிங்கத்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். அவர் அப்போது யாரோ ஒருவருடைய போனிலிருந்து கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். துஷ்டிக் காரியங்களுக்கு ஊரில் சட்டம் சொல்லுகிறவர் குப்பாண்டிப் பெரியவர். அவர் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

“பேசிக்கிட்டிருக்குற வாயில அரிசி போடக் கூடாது. பேசி முடிக்கட்டும்.”

“அவரு எப்ப பெரியவரே முடிக்க? இது அம்பது ஓவர் மேட்சு.”

ஷாஜகான்தான் வழி சொன்னார். தெருவிலுள்ள அத்தனை போனையும் வாங்கி ஒரு பெரிய வெண்கல அண்டாவில் போட்டு மூடிவிட வேண்டும், உலோகத்தைத் தாண்டி அலை வராது. நல்ல யோசனைதான். வீட்டில் இருந்த கல்யாண அண்டா வந்தது. சங்கிலிராஜே முன்னே நடக்க, இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னே நடக்க, பந்தலில் இருந்தவர்களிடம் வாங்கினார்கள், தெருவில் நின்றவர்களிடம் வாங்கினார்கள், பிறகு வீடு வீடாகப் போனார்கள். ஒன்பதாம் எண்ணில் நாலு போன். பதினொன்றில் மூன்று, அதில் ஒன்று உடைந்தது, ஆனாலும் வாங்கினார்கள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு பதிமூன்றுக்குப் போனார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கால் அப்படிப் பழகியிருந்தது. நூற்று எண்பத்தேழு போனை அண்டாவில் போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லையும் தூக்கி வைத்துவிட்டு, தெருவில் இனி ஒரு போன் இல்லை என்று சங்கிலிராஜ் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு அறிவித்தார். தவசிலிங்கம் அமைதியானார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் செத்தவர் மாதிரி இருந்தார், அதைப் பார்த்துச் சில பேருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அந்த நேரத்தில் மஞ்சள் கதவுக்குப் பின்னால் பவளக்கொடி மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யாமல் உட்கார்ந்தால் அழுகை வரும், அழுதால் சத்தம் வெளியே கேட்கும், அந்த வீட்டிலிருந்து இன்றைக்கு அழுகைச் சத்தம் வர அவளுக்கு உரிமை இல்லை என்பது பால்காரர் வந்து சொன்னதிலேயே தெரிந்திருந்தது. அதனால் அவள் ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, எப்படித் தைக்கச் சொன்னார்கள் என்று கேட்கலாமென்று போனில் வந்திருந்த குரல் செய்தியை அழுத்தினாள். அவள் கையிலிருந்த போனில் ஒரு சத்தமும் வரவில்லை.

எதிரே, குருவம்மா முதல் கைப்பிடி அரிசியை எடுத்துக் கணவனின் வாயருகே கொண்டுபோனாள். தவசிலிங்கம் பேசினார்.

“பவளக்கா, நான் மேலத்தெரு டீச்சர் பேசுறேன். பின்கழுத்த இன்னும் ரெண்டு இஞ்சு எறக்கி வெட்டிருங்க. அவுக துபாய்ல இருந்து அடுத்த வாரம் வாராக.”

மேலத்தெரு டீச்சர் பந்தலின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊரில் இருந்த அத்தனை பெண்களின் அளவும் அந்த மஞ்சள் வீட்டில்தான் இருந்தது. வீடுதான் இல்லையே தவிர, அதன் பின்பக்கத்து ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னல் கம்பியில் துணிப்பையைத் தொங்கவிட்டு வந்து, போனில் குரலைப் போட்டு, நாலு நாள் கழித்து அதே கம்பியிலிருந்து தைத்ததை எடுத்துக்கொள்ளுவார்கள். யாரும் யாரையும் பார்த்தது கிடையாது. எதிரே வந்தால் கீரைக்கு வந்தேன் என்பார்கள்.

போனில் ஏதோ கோளாறு என்று நினைத்த பவளக்கொடி, சத்தத்தைக் கூட்டி, அடுத்ததை அழுத்தினாள்.

“பவளம், நான்தான். பேரு சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரரு அந்த வீட்டுப் பக்கம் போனா கால ஒடிப்பேன்னு சொல்லியிருக்காரு, ஒனக்குத் தெரியும்ல சங்கிலிராஜு கொணம். பை ஜன்னல்ல தொங்குது. கைக்கு பஃப் வையி, பெரிசா வையி.”

சங்கிலிராஜ் தன் மனைவியைத் தேடினார். அந்த அம்மாள் தூணுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாலும் பஃப் கை இரண்டும் தூணுக்கு வெளியே தெரிந்தன.

“என்ன பாய், எல்லாத்தையும்தான் அண்டாவுல போட்டாச்சே!” என்று அவர் ஷாஜகானிடம் பாய்ந்தார்.

ஷாஜகான் தலையைச் சொறிந்தார். “ஒரு போனு விட்டுப்போச்சு. அதும் நாலு சைபர் கேக்காமலே சேர்ந்திருக்கு. அப்படிக் கேக்காமச் சேர்ந்தா, அது ஏற்கெனவே சேர்ந்து பழகுன போனு. மத்ததெல்லாம் எடத்த விட்டு நகந்ததும் அதுவா வந்து ஒட்டிக்கிட்டிருக்கு.”

எந்த போன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் இல்லை என்று சொன்ன வீட்டை இப்போது இருக்கிறது என்று சொல்லப்போகிற முதல் வாய் எது என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“யாராச்சும் போய்க் கதவத் தட்டி அணைக்கச் சொல்லுங்கய்யா” என்றார் வெளியூர்க்காரர் ஒருவர்.

“இல்லாத வீட்டுல எப்படிப்பா கதவத் தட்டுறது?” என்று குப்பாண்டிப் பெரியவர் கோபப்பட்டார்.

சங்கிலிராஜ் விடுகிற ஆளில்லை. சுவர் இருந்தால் தூரம் குறையும் என்று ஷாஜகான் காலையில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சுவர் கட்ட நேரமில்லையே என்று கேட்க, மனுஷ உடம்பும் ஆகும், உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், தண்ணீர் அலையைக் குடித்துவிடும் என்று அவரும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஊரில் உள்ள தடித்த ஆட்களுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை மாதிரி என்றைக்கும் கிடைத்ததில்லை. அரிசிக்கடை அண்ணாச்சி, ஓய்வு பெற்ற ஏட்டையா, ஸ்வீட் ஸ்டால் அண்ணன் தம்பி மூன்று பேர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து, பிணத்துக்கும் மஞ்சள் கதவுக்கும் நடுவில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு இரண்டு சொம்பு தண்ணீரும் குடிக்கக் கொடுத்தார்கள். சத்தம் கரகரத்தது. அறுந்து அறுந்து வந்தது. ஒரு மாதிரி நின்றேவிட்டது. குருவம்மா திரும்பவும் அரிசியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஏட்டையாவுக்குத் தும்மல் வந்து ஓரடி விலகினார்.

“தாயி, நான் குப்பாண்டி. பட்டாப்பட்டி டவுசரு ரெண்டு வேணும். நாடா நல்லா தடிமனாப் போடு, போன தடவ சபையில அவுந்துபோச்சு.”

குப்பாண்டிப் பெரியவர் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். சாவு வீடு என்று பார்க்காமல் சிலர் சிரித்தார்கள், நானும்தான்.

பவளக்கொடிக்கு இது ஒன்றும் தெரியாது. போன் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்த பிறகு, அவளுக்கு வேறொரு பயம் வந்தது. அதில்தான் அவருடைய குரல் இருந்தது. முகத்தைத்தான் காட்டவில்லை, குரலும் போய்விட்டதா என்று, திங்கட்கிழமை அவர் அனுப்பியிருந்த கடைசிக் குரல் செய்தியைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, காதோடு வைத்து அழுத்தினாள். அவளுக்குக் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டது. தும்மிய ஏட்டையா இன்னும் வரிசைக்குத் திரும்பியிருக்கவில்லை. தவசிலிங்கத்தின் நெஞ்சிலிருந்து தவசிலிங்கத்தின் சொந்தக் குரல் வந்தது.

“பவளம், நான்தான். கேக்குதா? ஹலோ. குருவுக்கு அந்த மெரூன் ஜாக்கெட்டு வலது கை இறுக்குது. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறா, கையத் தூக்கையில மொகத்தச் சுளிக்குறா. ஒரு கால் இஞ்சு விட்டுக் குடு. சாத்தூர் மாஸ்டரு குடுத்து விட்டாருன்னு சொல்லிக்கிறேன். சாப்பிட்டியா? சரி, வச்சிர்றேன்.”

நின்றது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து வந்தது. பவளம், நான்தான். கேக்குதா? அங்கே அவள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள், இங்கே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

குருவம்மாவின் ஜாக்கெட்டுகள் ஊரில் பேர் போனவை. சாத்தூரில் ஒரு மாஸ்டர் இருப்பதாகவும், அளவுகூட எடுக்காமல் அச்சில் வார்த்த மாதிரி தைத்துக்கொடுப்பார் என்றும், புருஷன் போய்த்தான் வாங்கி வருவார் என்றும் அவள் எல்லோரிடமும் சொல்லுவாள். அவளிடம் இருந்த ஒரே கர்வம் அதுதான். மஞ்சள் வீட்டைப் பார்க்காமல் இருக்கிறவளுக்கு அந்தச் சின்னக் கர்வம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவள் உடம்பில் இருந்ததும் அந்த மெரூன் ஜாக்கெட்தான். அரிசி வைத்திருந்த வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். இறுக்கவில்லை.

அரிசியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். பிணத்தை விட்டுப் பெண்டாட்டி எழுந்து போகக் கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டியவர், டவுசர் ஞாபகத்தில் வாயைத் திறக்கவில்லை. தடித்த மனிதர்களின் வரிசை விலகி வழி விட்டது. குருவம்மா தெருவைக் குறுக்கே கடந்தாள், பதினோரு எட்டுத்தான், நான் எண்ணினேன், முப்பது வருடத்தில் அவள் அந்தத் திசையில் வைத்த முதல் பதினோரு எட்டு. போய் மஞ்சள் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. பவளக்கொடி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

“இந்தா, அது அங்க கேக்குது” என்றாள் குருவம்மா.

“அக்கா…”

“ஒரு அளவு ஜாக்கெட்டுகூட நான் ஒனக்குக் குடுத்ததில்ல. எப்படித் தச்சே?”

பவளக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். “முன்பக்க ஜன்னல்ல இருந்து பாத்துத்தான்க்கா. நீங்க துணி காயப்போட வருவீங்கள்ல, கையத் தூக்கையில தெரியும்.”

“முப்பது வருசமுமா?”

“ஆமாக்கா. நடுவுல ஒங்களுக்குச் சுகரு வந்து ரெண்டு வருசம் எளச்சுட்டீங்க. அப்ப ரெண்டு பக்கமும் அர இஞ்சு பிடிச்சேன். அவரு சொல்லல, நானாத்தான் பாத்துப் பிடிச்சேன்.”

அந்த இரண்டு வருடம் தன் உடம்பு இளைத்ததை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை என்று குருவம்மா பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் அதையெல்லாம் சொல்லவில்லை. பவளக்கொடியின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

“வா” என்றாள்.

இரண்டு பேரும் பந்தலுக்கு வந்தார்கள். பவளக்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, “மூணு நாள்ல இப்படி எளச்சிட்டாரே” என்று ஆரம்பித்தவள், அதற்கு மேல் முடியாமல், பெஞ்சுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கத்தி அழுதாள். முப்பது வருடமாகச் சத்தம் வெளியே வராமல் இருக்கப் பழகிய தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஒப்புக்கொள்கிறேன். குருவம்மா அரிசித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சங்கிலிராஜ் குறுக்கே வந்தார். “அக்கா, பாத்ததோட சரி. வாய்க்கரிசி போடணும்னா முறைன்னு ஒண்ணு வேணும். எந்த முறையில இவ போடுவா?”

“ஒம் பொண்டாட்டிக்குக் கை பஃப் வச்ச முறையில போடுவா” என்றாள் குருவம்மா.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பலா சிரிப்பா என்று தெரியாத சத்தம் வந்தது. சங்கிலிராஜ் கடைசி நம்பிக்கையாகக் குப்பாண்டிப் பெரியவரைப் பார்த்தார். தவசிலிங்கம் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறார், பேசுகிற வாயில் அரிசி போடக் கூடாது என்று சொன்னவர் அவர்தானே. பெரியவருக்கு இரண்டு டவுசர் வர வேண்டியிருந்தது.

“பேச்சு நெஞ்சுல இருந்துதானப்பா வருது. வாயி சும்மாத்தான் இருக்கு. போடலாம்” என்றார்.

முதலில் குருவம்மா போட்டாள். அடுத்து பவளக்கொடி போட்டாள். அப்புறம் உறவுமுறை வரிசைப்படி எல்லோரும் போட்டார்கள். சரியாக நாலு மணிக்குப் பாடையில் வைத்துத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலையும் தாண்டுவதில்லை. குருவம்மா வாசலில் நின்றாள். பவளக்கொடி எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரடி தள்ளி நின்றாள். கையிலிருந்த போனில் அது ஓடிக்கொண்டேயிருந்தது, எதை அழுத்தினாளோ, ஒருமுறை முடிந்ததும் தானாக மறுபடி ஆரம்பித்தது.

“அக்கா, அணைச்சிரவா?”

“வேண்டாம். தூரம் போனா அதுவா அறும்.”

பாடை தெருவில் இறங்கியது. மஞ்சள் கதவைத் தாண்டும்போது தவசிலிங்கம், கேக்குதா, ஹலோ, என்றார். கதவு திறந்தபடியே கிடந்தது, தூக்கினவர்கள் எல்லோரும் அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கையத் தூக்கையில மொகத்தச் சுளிக்குறா, என்றார் பதிமூன்றாம் எண் வீட்டின் முன்னால். அப்புறம் குரல் கரகரத்தது. கால் இஞ்சு என்றது, விட்டு என்றது, சாத்தூர் என்றது, இடையிடையே அறுந்து அறுந்து ஒட்டியது. சாப்பிட்டியா என்று ஒருமுறை மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்கடுத்த வார்த்தை வரவில்லை. பாடை ஆடி ஆடித் தெருமுனையில் வலது பக்கம் திரும்பி மறைந்தது.

பவளக்கொடி போனைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எதிர்ப்பக்கம், தன் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

“எங்க போறே?” என்றாள் குருவம்மா. “தண்ணியக் கோரிட்டு வா. ரெண்டு பேருமாச் சேர்ந்து வீட்டக் கழுவணும்.”